ஒரே ரவுட்டரில் ரிப் வெர்ஷன் 1, வெர்ஷன் 2 இரண்டும்: எடைமேடைப் பக்கம் மட்டும் காணாமல் போகிறது

எடைமேடை_ஆள் | திங்கள், இரவு 10.15

வணக்கம். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். மூன்று நாளாக ஒரு சிக்கலில் மாட்டியிருக்கிறேன். முழுசாக எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

யார்டின் நடுவில் ஒரு சிஸ்கோ 2811 ரவுட்டர் இருக்கிறது. அதற்கு நான்கு பக்கம்.

முதல் பக்கம் எடைமேடை. ஃபாஸ்ட் ஈதர்நெட் 0/0, முகவரி 10.20.1.1, மாஸ்க் /24 (முகவரியின் முதல் 24 பிட் நெட்வொர்க்கைக் குறிக்கும்). இந்தப் பக்கத்தில் வடக்கு வாசலில் ஒன்று, தெற்கு வாசலில் ஒன்று என இரண்டு பழைய யூனிக்ஸ் பெட்டிகள். இரண்டுக்கும் பின்னால் 10.20.2.0/24. லாரி எடையைக் காட்டும் டெர்மினல்களும் சீட்டு அடிக்கும் பிரிண்டர்களும் அதில்தான் இருக்கின்றன. பெட்டிகளில் ஓடுவது ரூட்டட் என்ற பழைய ரூட்டிங் நிரல். ரிப் என்பது ரவுட்டர்கள் தங்களுக்குத் தெரிந்த ரூட்களை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை; ரூட்டட்டுக்கு அதில் வெர்ஷன் 1 மட்டுமே தெரியும். டெர்மினல்களும் ரிப் செய்தியைக் கேட்டுத்தான் எந்த வாசல் வழியாகப் போவது என்று முடிவு செய்கின்றன.

இரண்டாவது பக்கம் பாரிமுனை தலைமை அலுவலகம். லீஸ்டு லைன், 10.20.255.0/30. அங்கே 10.30.1.0/26, 10.30.1.64/26 என்று இரண்டு நெட்வொர்க்.

மூன்றாவது பக்கம் போன மாதம் சேர்ந்த மணலி கிடங்கு. ரேடியோ லிங்க், 192.168.50.0/30. அங்கே 10.40.1.0/26, 10.40.2.0/24.

நான்காவது பக்கம் எங்கள் அலுவலக கம்ப்யூட்டர்கள், 10.20.3.0/24.

இதுவரை எடைமேடைக்கு மட்டும் ரிப், பாரிமுனைக்குக் கையால் போட்ட ஸ்டாட்டிக் ரூட் என்று ஓடிக்கொண்டிருந்தது. மணலி வந்ததும் எல்லாவற்றையும் ரிப்பிலேயே கொண்டுவரலாம் என்று 'ரவுட்டர் ரிப்' கீழே 'வெர்ஷன் 2' அடித்தேன். பாரிமுனை உடனே வந்தது. சரியாக மூன்று நிமிடம் கழித்து எடைமேடை செத்தது. வாசலில் லாரிகள் நின்றுவிட்டன, எண்ணூர் நெடுஞ்சாலை வரைக்கும் வரிசை. பதறிப்போய் 'வெர்ஷன் 2'வை எடுத்தேன், எடைமேடை வந்தது, மணலி போனது.

இன்னொன்று, இதுதான் எனக்குப் புரியவே இல்லை. எடைமேடை செத்திருந்த நேரத்தில் 10.20.2.15க்கு, பேக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டேன். மணலி ரவுட்டர், நம் ரவுட்டர், மணலி, நம் ரவுட்டர் என்று முப்பது வரி வந்தது. எடைமேடைக்கும் மணலிக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு ரவுட்டரில் இரண்டு வெர்ஷனையும் வைக்க முடியுமா?

*

பேசின்பாலம் | திங்கள், இரவு 10.50

முடியும். ஆனால் ஏன் இன்னும் ரிப்? ஓஎஸ்பிஎஃப் என்ற வேறு ரூட்டிங் முறையைப் போட்டுவிடுங்கள். வெர்ஷன் 1ஐ விவரிக்கும் இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1058 வந்தது 1988 ஜூனில். 1996லேயே அதை வரலாற்று ஆவணம் என்று ஒதுக்கி ஆர்எஃப்சி 1923 எழுதிவிட்டார்கள். அதற்கு இன்னும் உயிர் கொடுத்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவசரத்துக்கு ஒரு வழி: எல்லா இன்டர்ஃபேஸிலும் 'ஐபி ரிப் சென்ட் வெர்ஷன் 1 2', 'ஐபி ரிப் ரிசீவ் வெர்ஷன் 1 2' போட்டுவிடுங்கள். யாருக்கு எது புரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளட்டும்.

*

எடைமேடை_ஆள் | திங்கள், இரவு 11.05

ஓஎஸ்பிஎஃப் எனக்கும் ஆசைதான். அந்த யூனிக்ஸ் பெட்டிகளில் ரூட்டட் தவிர வேறு எதுவும் ஏறாது. எடைமேடை மென்பொருளும் அதில்தான். அது மாறும்வரை பெட்டியைத் தொட முடியாது.

ஸ்டாட்டிக் போடு என்று யாராவது சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாசலில் இரண்டு பெட்டி இருப்பதே ஒன்று போனால் மற்றது எடுத்துக்கொள்ளத்தான். இங்கே உப்புக்காற்றில் பவர் சப்ளை ஒழுங்காக ஒரு வருடம் தாண்டுவதில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெற்கு வாசலில் முட்டி அளவு தண்ணீர் நின்றது. அன்று வடக்குப் பெட்டிதான் காப்பாற்றியது. யாரும் எதையும் தட்டச்சு செய்யாமலே ரூட் மாறிக்கொண்டது. அதை இழக்க எனக்கு மனம் இல்லை.

*

வண்ணை_வலைஞர் | செவ்வாய், காலை 6.30

தம்பி, முதலில் ஒன்று. 'வெர்ஷன் 2' என்று ரவுட்டருக்குள் அடித்தால் அது வீடு முழுக்கச் சட்டம் போடுவது போல. ஆனால் வெர்ஷன் என்பது வீட்டுக்கு உரியது அல்ல, வாசலுக்கு, அதாவது இன்டர்ஃபேஸுக்கு உரியது. ஒவ்வொரு வாசலுக்கு வெளியே யார் நிற்கிறார்கள், அவருக்கு எந்தப் பேச்சு புரியும் என்று பார்த்து அந்த வாசலில் அதைப் பேச வேண்டும். சிஸ்கோவில் இன்டர்ஃபேஸ் மட்டக் கட்டளை பொதுக் கட்டளையை மீறி நிற்கும். அதனால் உங்கள் கேள்விக்குப் பதில்: தாராளமாக வைக்கலாம்.

என்ன நடந்தது என்று வரிசையாகப் பாருங்கள்.

வெர்ஷன் எதுவும் சொல்லாமல் விட்டால் சிஸ்கோ வெர்ஷன் 1 அனுப்பும், இரண்டையும் கேட்கும். 'வெர்ஷன் 2' அடித்தவுடன் 2 மட்டும் அனுப்பும், 2 மட்டும் கேட்கும். யூனிக்ஸ் பெட்டிகள் வழக்கம்போல 30 நொடிக்கு ஒருமுறை கத்திக்கொண்டேதான் இருந்தன, உங்கள் ரவுட்டர் காதை மூடிக்கொண்டது. 'டீபக் ஐபி ரிப்' போட்டிருந்தால் 'இக்னோர்டு வி1 பேக்கெட்' என்றும் அடைப்புக்குறிக்குள் 'இல்லீகல் வெர்ஷன்' என்றும் வரி வந்திருக்கும். செய்தி வராத ரூட்டை 180 நொடி வைத்திருந்து செல்லாததாக்கும், 240வது நொடியில் அழிக்கும். நீங்கள் சொன்ன மூன்று நிமிடம் அந்த 180 நொடிதான்.

அந்த ட்ரேஸ்ரூட்தான் முக்கியம். மணலி லிங்க் 192.168.50.0இல் இருக்கிறது, ஆனால் இரு பக்கமும் 10 வலை, அதாவது 10இல் தொடங்கும் முகவரிகள் எல்லாம் சேர்ந்த ஒரே பெருவலை. 'ஆட்டோ-சம்மரி' தானாகவே இயங்கும் நிலையில் இருக்கும். அது இயங்கினால், வேறு பெருவலையைக் கடக்கும்போது ரவுட்டர் தன்னிடம் உள்ள 10 வலையின் சிறு பிரிவுகளான சப்நெட்டுகள் எல்லாவற்றையும் சுருட்டி, '10.0.0.0/8 என்னிடம் இருக்கிறது' என்று ஒற்றை வரியாகச் சொல்லும். மணலி உங்களிடம் அப்படிச் சொன்னது, நீங்கள் மணலியிடம் அப்படியே சொன்னீர்கள். இரண்டு பேரும் நம்பினீர்கள். 10.20.2.0/24 என்ற துல்லியமான ரூட் உயிரோடு இருந்தவரை தெரியவில்லை. அது போனவுடன் எடைமேடைக்கான பேக்கெட்டுக்கு மிச்சமிருந்த ஒரே வழி அந்த /8. உங்கள் ரவுட்டர் மணலிக்கு அனுப்பியது, மணலியிடம் இருந்ததும் அதே /8, அது திருப்பி அனுப்பியது. டிடிஎல் (பேக்கெட் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற எண்ணிக்கை) தீரும்வரை ரேடியோவில் ஊஞ்சல் ஆடியிருக்கிறது. இது மணலியில் வேறு ஏதேனும் ஒரு சப்நெட் விழுந்தாலும் நடக்கும்.

இரண்டு ரவுட்டரிலும் 'நோ ஆட்டோ-சம்மரி' போடுங்கள். ஒன்றில் மட்டும் போட்டால் பாதி நோய்தான் தீரும். ஒன்று ஞாபகம் வையுங்கள்: இது வெர்ஷன் 2க்கு மட்டும் பொருந்தும். வெர்ஷன் 1இல் மாஸ்க் எழுத இடமே இல்லாததால் அது சுருட்டியேதான் அனுப்பும், நிறுத்த முடியாது.

எடைமேடை வாசலில் இவ்வளவுதான்:

இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட் ஈதர்நெட் 0/0
ஐபி ரிப் சென்ட் வெர்ஷன் 1
ஐபி ரிப் ரிசீவ் வெர்ஷன் 1

'ரவுட்டர் ரிப்' கீழே 'வெர்ஷன் 2' அப்படியே இருக்கட்டும். முடிந்ததும் 'ஷோ ஐபி ப்ரோட்டோகால்ஸ்' பாருங்கள். இன்டர்ஃபேஸ் பெயர், அனுப்புவது, பெறுவது என்று ஒரு பட்டியல் வரும். எடைமேடைக்கு 1, 1 என்றும் மற்றவற்றுக்கு 2, 2 என்றும் காட்ட வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் எழுந்து போகாதீர்கள்.

பேசின்பாலம் சொன்ன '1 2' வழி பற்றி மாலையில் எழுதுகிறேன். வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

*

கொருக்குப்பேட்டை_மாணவி | செவ்வாய், காலை 8.10

அண்ணா, நான் சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2020 பிப்ரவரியில் வந்த 200-301 பாடத்திட்டத்தில் ரிப்பே இல்லை, அதனால் இதெல்லாம் எனக்குப் புதிது. இரண்டு வெர்ஷனும் ஒரே யுடிபி போர்ட் 520இல்தான் வருகின்றன என்று படித்தேன். பெறுகிற ரவுட்டர் எப்படிப் பிரித்து அறிகிறது? மாஸ்க் எழுத இடம் இல்லை என்றால் வெர்ஷன் 2இல் மட்டும் எங்கிருந்து இடம் வந்தது?

*

லினக்ஸ்_ராயபுரம் | செவ்வாய், காலை 9.00

நல்ல கேள்வி மா. ரிப் பேக்கெட்டின் தலைப்பு 4 பைட். முதல் பைட் கேள்வியா பதிலா என்று சொல்லும், இரண்டாவது பைட்தான் வெர்ஷன் எண். அதைப் பார்த்தே பிரித்துவிடலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ரூட்டுக்கும் 20 பைட். ஒரு பேக்கெட்டில் 25 ரூட், ஆக மொத்தம் 504 பைட்.

வெர்ஷன் 1இல் அந்த 20 பைட்டில் முகவரி வகை, முகவரி, தூரம் தவிர மற்றதெல்லாம் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று காலியாகவே விட்டிருந்தார்கள். வெர்ஷன் 2 எழுதியவர்கள் புதுப் படிவம் அச்சடிக்கவில்லை. அந்தக் காலிக் கட்டங்களில்தான் சப்நெட் மாஸ்க்கையும் அடுத்த ரவுட்டர் முகவரியையும் ரூட் டேக்கையும் நிரப்பினார்கள். அதனால் அளவு மாறவில்லை. பழைய பெட்டிகள் முகவரியையும் தூரத்தையும் பழைய இடத்திலேயே படிக்கலாம். எனக்கு இந்த வடிவமைப்பு மிகவும் பிடிக்கும்.

அனுப்புகிற விதமும் வேறு. வெர்ஷன் 1 எல்லோருக்கும் கேட்கும்படி 255.255.255.255க்கு பிராட்காஸ்ட். வெர்ஷன் 2 224.0.0.9 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு. கேட்க விரும்பாத கம்ப்யூட்டருக்குத் தொந்தரவு இல்லை.

லினக்ஸில் எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு தகவல். அதில் வெர்ஷன் சொல்லாமல் விட்டால் 2 அனுப்பும், இரண்டையும் கேட்கும். அனுப்புவதில் சிஸ்கோவுக்கு நேர் எதிர். ஒரு பக்கம் சிஸ்கோ, ஒரு பக்கம் எஃப்ஆர்ஆர், இரண்டிலும் எதுவும் சொல்லாமல் விட்டால், போவது 2, வருவது 1 என்று ஒரே கம்பியில் இரண்டு பேச்சு ஓடும். ரூட் வரும், ஆனால் ஒரு திசையில் மாஸ்க் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க நான் ஒருமுறை ஒரு முழு இரவு செலவழித்திருக்கிறேன். இன்டர்ஃபேஸ் கட்டளைகள் அதிலும் அதே பெயர்தான்.

*

எடைமேடை_ஆள் | செவ்வாய், மதியம் 2.20

வண்ணை அண்ணா, நன்றி. மதிய சாப்பாட்டு நேரத்தில் லாரி குறைவு என்பதால் செய்துவிட்டேன். எடைமேடை வந்துவிட்டது. மணலியின் /8 போய் 10.40.1.0/26, 10.40.2.0/24 தனித்தனியாகத் தெரிகின்றன. பட்டியலிலும் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது.

ஆனால் இப்போது வேறு ஒன்று. ரவுட்டரிலிருந்து எடைமேடை போகிறது. எடைமேடை டெர்மினலிலிருந்து மணலி 10.40.2.0க்குப் போகிறது. அதே மணலியின் 10.40.1.0க்குப் போகவில்லை. பாரிமுனை இரண்டுமே போகவில்லை. முன்பு பெட்டிகளில் யாரோ கையால் போட்ட ரூட் இருந்திருக்கிறது, பழசெல்லாம் வேண்டாம் என்று நேற்று நான்தான் எடுத்தேன். ஒரே ஊரில் ஒரு நெட்வொர்க் தெரிகிறது, ஒன்று தெரியவில்லை என்பது எப்படி?

*

வண்ணை_வலைஞர் | செவ்வாய், இரவு 9.15

தெரிகிறவற்றின் மாஸ்க்கைப் பாருங்கள் தம்பி, விடை அங்கேயே இருக்கிறது.

எடைமேடை வாசலின் மாஸ்க் /24. அந்த வாசல் வழியாக வெர்ஷன் 1 செய்தி அனுப்பும்போது ரவுட்டர் ஒவ்வொரு 10 சப்நெட்டையும் எடுத்து, 'இதன் மாஸ்க்கும் என் வாசலின் மாஸ்க்கும் ஒன்றா' என்று பார்க்கும். ஒன்றாக இருந்தால் மட்டும் அனுப்பும். ஏனென்றால் மாஸ்க்கை எழுத முடியாது. வாங்குபவர் தன் இன்டர்ஃபேஸ் மாஸ்க்கைத்தான் ஒட்டிக்கொள்வார். வேறு மாஸ்க் உள்ளதை அனுப்பினால் அவர் தப்பாகப் புரிந்துகொள்வார் என்று சத்தமில்லாமல் விட்டுவிடும். 10.40.2.0 உங்கள் வாசல் போலவே /24, போனது. 10.40.1.0/26 நின்றுவிட்டது. பாரிமுனை இரண்டும் /26, இரண்டும் நின்றன. எச்சரிக்கையும் வராது, பிழையும் வராது. இரண்டு வெர்ஷன் கலந்த வலையில் மக்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். வெர்ஷன் எண்ணைச் சரிசெய்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

இதற்கு மூன்று வழி எனக்குத் தெரியும்.

ஒன்று, எல்லா இடத்திலும் /24 ஆக்குவது. பாரிமுனையில் அதற்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

இரண்டு, எடைமேடை வாசலில் 'ஐபி ரிப் வி2-பிராட்காஸ்ட்'. வெர்ஷன் 2 செய்தியை மல்டிகாஸ்டில் அனுப்பாமல் பிராட்காஸ்டில் அனுப்பும். ஆர்எஃப்சி 1058ஐ ஒழுங்காகப் பின்பற்றிய பழைய பெட்டி, தன்னைவிடப் பெரிய வெர்ஷன் எண் வந்தால் தெரியாத கட்டங்களைப் புறக்கணித்துவிட்டு மீதியைப் படிக்கும். படித்து என்ன செய்யும் என்று யோசியுங்கள். 10.30.1.0 என்பதைத் தன் /24 மாஸ்க்கோடு 10.30.1.0/24 என்று எடுத்துக்கொள்ளும். 10.30.1.64 என்பதில் /24க்குப் பிறகு எண் இருப்பதால் அது ஒரு தனி கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொள்ளும். தற்செயலாக அந்த /24க்குள் இரண்டு /26உம் அடங்கிவிடுவதால் பாரிமுனை வேலை செய்யும், நீங்களும் மகிழ்ச்சியாக இருப்பீர்கள். நாளைக்கு யாராவது 10.30.1.128/26ஐ வேறு ஊருக்குக் கொடுத்தால் அன்று உடையும், காரணம் யாருக்கும் நினைவிருக்காது. இந்த வழி வேண்டாம்.

மூன்று, எடைமேடைக்கு முழு வரைபடம் தேவையா என்று கேட்பது. அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வெளியே போக ஒரே வழி உங்கள் ரவுட்டர்தான். '0.0.0.0 என்னிடம் இருக்கிறது', அதாவது வேறு வழி தெரியாததெல்லாம் என்னிடம் வரட்டும் என்ற டிஃபால்ட் ரூட், ஒற்றை வரி போதும். அதற்கு மாஸ்க் தேவையில்லை, வெர்ஷன் 1 அதைச் சேதமில்லாமல் சுமக்கும். 'ரவுட்டர் ரிப்' கீழே 'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்'. ஆனால் அது எல்லா வாசலிலும் கிளம்பிவிடும். மணலிக்கென்று தனி இன்டர்நெட் லைன் இருக்குமே?

*

எடைமேடை_ஆள் | செவ்வாய், இரவு 9.40

ஆமாம் அண்ணா, இருக்கிறது. பாரிமுனையிலும் இருக்கிறது. நம் ரவுட்டரின் டிஃபால்ட் பாரிமுனையை நோக்கி ஸ்டாட்டிக்காக இருக்கிறது.

*

வண்ணை_வலைஞர் | செவ்வாய், இரவு 10.05

அப்படியானால் அந்த இரண்டு வாசலிலும் வடிகட்டி வையுங்கள். அக்சஸ்-லிஸ்ட் 10இல் முதல் வரி 'டினை 0.0.0.0', இரண்டாவது வரி 'பெர்மிட் எனி'. இரண்டாவது வரியை மறந்தால் எல்லா ரூட்டும் அடைபட்டுப்போகும், பட்டியலின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத மறுப்பு எப்போதும் உண்டு. பிறகு 'டிஸ்ட்ரிபியூட்-லிஸ்ட் 10 அவுட்' என்று பாரிமுனை வாசலுக்கு ஒன்று, மணலி வாசலுக்கு ஒன்று.

அலுவலக கம்ப்யூட்டர்கள் பக்கத்துக்கு 'பாசிவ்-இன்டர்ஃபேஸ்' போடுங்கள். 'நெட்வொர்க் 10.0.0.0' என்ற கட்டளை வெர்ஷன் 2இலும் பெருவலைக் கணக்கில்தான் வேலை செய்யும். 10இல் தொடங்கும் எல்லா இன்டர்ஃபேஸிலும் ரிப்பை எழுப்பிவிடும். அங்கே கேட்பதற்கு ரவுட்டர் யாரும் இல்லை, பேச வேண்டியதும் இல்லை.

இனி பேசின்பாலம் சொன்ன '1 2' பற்றி. அவசரத்துக்கு அது ஓடும், மறுக்கவில்லை. ஆனால் எல்லா வாசலிலும் ஒவ்வொரு 30 நொடிக்கும் இரண்டு பிரதி போகும், அதில் ஒன்று பிராட்காஸ்ட். அதைவிடப் பெரிய குறை பாதுகாப்பு. ரிப் வெர்ஷன் 2இல் கடவுச்சாவி வைக்கலாம், வெர்ஷன் 1இல் முடியாது. வெர்ஷன் 2ஐ விவரிக்கும் ஆர்எஃப்சி 2453 என்ன சொல்கிறது என்றால், சாவி வைத்த ரவுட்டர்கூட வெர்ஷன் 1 செய்தியை ஏற்கலாம், ஆனால் முழுப் பாதுகாப்பு வேண்டுமானால் சாவி உள்ள இடத்தில் வெர்ஷன் 1ஐப் புறக்கணிக்க வேண்டும். முன்வாசலுக்குப் பூட்டு போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பதில் அர்த்தமில்லை. இரண்டையும் கேள் என்று விட்ட வாசலில் அந்த ஜன்னல் திறந்தே இருக்கும்.

*

பேசின்பாலம் | புதன், காலை 7.20

ஒப்புக்கொள்கிறேன். நான் ஆய்வகத்தில் நான்கு ரவுட்டரை வைத்துச் செய்ததை அப்படியே எழுதிவிட்டேன். லாரி நிற்கும் இடத்துக்கு அது சரியில்லை.

ஆனாலும் ஓஎஸ்பிஎஃப் பேச்சை விடமாட்டேன். பாரிமுனைக்கும் மணலிக்கும் ஓஎஸ்பிஎஃப், எடைமேடை வாசலில் மட்டும் ரிப் வெர்ஷன் 1 என்று வைத்தால் உங்கள் பழைய பெட்டிகளையும் தொட வேண்டாம். ரிப்பில் வருவதை ஓஎஸ்பிஎஃபுக்கு மாற்றிக் கொடுக்க 'ரீடிஸ்ட்ரிபியூட் ரிப் சப்நெட்ஸ்' போதும். அந்த 'சப்நெட்ஸ்' என்ற சொல்லை விட்டுவிட்டால் பழைய சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் பெருவலை மட்டுமே போகும், உங்கள் 10.20.2.0 போகாது. ஓஎஸ்பிஎஃபிலிருந்து ரிப்புக்கு எதையும் கொடுக்க வேண்டாம், வண்ணை சொன்ன டிஃபால்ட் போதும். லிங்க் அறுந்தால் சில நொடியில் தெரிந்துவிடும். ரிப்பில் மூன்று நிமிடம் காத்திருப்பது 2811க்கே அவமானம்.

*

வண்ணை_வலைஞர் | புதன், காலை 7.45

இது நல்ல யோசனை. நான் இருந்தால் ஆறு மாதத்தில் அப்படித்தான் மாற்றுவேன். இன்றைக்கு வேண்டாம். மூன்று நாளாக மாறிக்கொண்டே இருக்கும் வலையில் நான்காவது மாற்றத்தையும் சேர்த்தால், எது எதனால் உடைந்தது என்று பிரிக்க முடியாது.

*

லினக்ஸ்_ராயபுரம் | புதன், மதியம் 1.10

எடைமேடை வாசல் பற்றி ஒரு கவலை. வாசலில் இருக்கும் சுவிட்சில் யார் வேண்டுமானாலும் ஒரு லேப்டாப்பைச் செருகி '0.0.0.0 என்னிடம்' என்று வெர்ஷன் 1இல் கத்தலாம். உங்கள் ரவுட்டருக்கு ஸ்டாட்டிக் டிஃபால்ட் இருப்பதால் அதை ஏற்காது. ஆனால் 10.30.1.0 என்று கத்தினால்? அந்த லேப்டாப் சொன்னதை உங்கள் /24 மாஸ்க்கோடு ரவுட்டர் நம்பும். பாரிமுனை லைன் அறுந்த நேரத்தில் கணக்குப் பிரிவுப் போக்குவரத்து அந்த லேப்டாப்பைத் தேடிப் போகும்.

எனவே உள்ளே வருவதற்கும் வடிகட்டி வையுங்கள். அக்சஸ்-லிஸ்ட் 20இல் 'பெர்மிட் 10.20.2.0' ஒரே வரி, 'டிஸ்ட்ரிபியூட்-லிஸ்ட் 20 இன் ஃபாஸ்ட் ஈதர்நெட் 0/0'. எடைமேடையிலிருந்து அந்த ஒரு ரூட்டைத் தவிர எதையும் கேட்க வேண்டியதில்லை. சாவி வைக்க முடியாத வாசலுக்கு இதுதான் பூட்டு.

இன்டர்நெட் பக்கம் யுடிபி 520 திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2015இல் வெர்ஷன் 1 கேள்விக்குப் பதில் சொல்லும் வீட்டு ரவுட்டர்களைப் பயன்படுத்தி மற்றவர்கள்மீது போக்குவரத்தைக் கொட்டிய தாக்குதல்கள் நடந்தன. சின்னக் கேள்விக்குப் பெரிய பதில் வரும், அனுப்புநர் முகவரி பொய், பதில் அப்பாவியின் தலையில் விழும்.

*

கொருக்குப்பேட்டை_மாணவி | புதன், மாலை 6.30

நேற்று இரவு ஒரு சிமுலேட்டரில் இதே வரைபடத்தைக் கட்டிப் பார்த்தேன். யூனிக்ஸ் பெட்டிக்குப் பதில் வெர்ஷன் 1 ரவுட்டர். 10.40.2.0 மட்டும் வந்தது, /26 எதுவும் வரவில்லை. அண்ணா எழுதியதைப் படித்தபோது புரிந்த மாதிரி இருந்தது, கண்ணால் பார்த்தபோதுதான் உண்மையிலேயே புரிந்தது. இரண்டு பக்கமும் ஆட்டோ-சம்மரியை விட்டுப் பார்த்தேன், ஊஞ்சலும் ஆடியது.

ஒரு சந்தேகம். மணலி லிங்கில் எம்டி5 முறையில் கடவுச்சாவி வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே சொல், ஆனாலும் ரூட் வரவில்லை.

*

வண்ணை_வலைஞர் | புதன், இரவு 9.30

கீ-ஸ்ட்ரிங் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டிருக்கிறாயா என்று பார் மா. ஒட்டும்போது வால்போல ஒரு இடைவெளி வந்துவிடும். ரவுட்டர் அதையும் சாவியின் எழுத்தாக எண்ணிக்கொள்ளும், திரையில் தெரியாது. இரண்டு பக்கமும் சாவியை அழித்துவிட்டுக் கையால் அடித்துப் பார். 'ஐபி ரிப் ஆதென்டிகேஷன் மோட் எம்டி5' வரி இரு பக்கமும் இருக்கிறதா என்பதையும் பார், அது இல்லாவிட்டால் சாவி வெறும் எழுத்தாகப் போகும்.

நீயே கட்டிப் பார்த்தாய் என்பதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி.

*

கொருக்குப்பேட்டை_மாணவி | புதன், இரவு 9.50

இடைவெளிதான் அண்ணா. வந்துவிட்டது.

*

எடைமேடை_ஆள் | ஞாயிறு, இரவு 11.40

ஞாயிறு இரவு யார்டு மூடியிருக்கும் என்பதால் எல்லாவற்றையும் இன்று வரிசையாகச் செய்து முடித்தேன். முதலில் பழைய கான்ஃபிகை நகல் எடுத்து வைத்தேன். பாரிமுனையிலும் மணலியிலும் எம்டி5 சாவி, கையால் அடித்தது. எடைமேடை வாசலில் அனுப்புவதும் பெறுவதும் வெர்ஷன் 1, உள்ளே வர 10.20.2.0 மட்டும். டிஃபால்ட் எடைமேடைக்கு மட்டும் போகிறது. அலுவலகப் பக்கம் பாசிவ். எடைமேடை டெர்மினலிலிருந்து பாரிமுனை இரண்டு நெட்வொர்க்கும், மணலி இரண்டு நெட்வொர்க்கும் போகின்றன.

பிறகு தெற்கு வாசல் பெட்டியின் கேபிளைப் பிடுங்கினேன். இங்கேதான் ஒரு விஷயம் தெரிந்தது. இரண்டு பெட்டியும் ஒரே தூரம் என்பதால் ரவுட்டர் இரண்டையும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. ஒன்றைப் பிடுங்கியதும் பாதி டெர்மினல் ஓடியது, பாதி நின்றது, மூன்று நிமிடம் கழித்து எல்லாம் வந்தது. புயல் நாளில் லாரியே இல்லாததால் இந்த மூன்று நிமிடம் அப்போது கண்ணில் படவில்லை. பகலில் மூன்று நிமிடம் என்றால் பத்து லாரி நிற்கும். குறைக்க முடியுமா?

*

வண்ணை_வலைஞர் | திங்கள், காலை 6.10

'டைமர்ஸ் பேசிக் 30 90 90 120'. முதல் எண் அனுப்பும் இடைவெளி, அதைத் தொடாதீர்கள், பெட்டிகள் 30 நொடிக்குத்தான் பேசும். இரண்டாவது எண் 90 என்றால் மூன்று செய்தி தவறிய பிறகு நம்பிக்கையை விடும். அதற்குக் கீழே போனால் ஒரு செய்தி தாமதமானாலே ரூட் ஆட்டம் போடும். இந்தக் கட்டளை வாசலுக்கு அல்ல, ரிப் முழுமைக்கும். அதனால் பாரிமுனையிலும் மணலியிலும் இதே எண்களைப் போடுங்கள். பெட்டிகளும் டெர்மினல்களும் தங்கள் பழைய கணக்கிலேயே இருக்கும். உள்ளிருந்து வெளியே போகும் பாதை மாற மூன்று நிமிடம் ஆகத்தான் செய்யும், அதற்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் செய்ய முடியாது.

*

எடைமேடை_ஆள் | திங்கள், இரவு 8.30

மூன்று ரவுட்டரிலும் போட்டேன். வேலை முடிந்த பிறகு தெற்குக் கேபிளை மறுபடி பிடுங்கி கைக்கடிகாரத்தில் பார்த்தேன். ரவுட்டர் பக்கம் ஒன்றரை நிமிடத்துக்குள் மாறிவிட்டது. உள்ளே மூன்று டெர்மினல் தெற்குப் பெட்டியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன, அவை அண்ணா சொன்னபடி மூன்று நிமிடம் எடுத்தன. வாசலில் இருக்கும் அண்ணனிடம் அந்த மூன்றின் எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவை நின்றால் பக்கத்து மேடைக்கு லாரியைத் திருப்பிவிடச் சொல்லியிருக்கிறேன்.

ஐபி முகவரிகள், எந்த வாசலில் எந்த வெர்ஷன், இரண்டு அக்சஸ்-லிஸ்ட், டைமர் எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன். உப்புக்காற்றுக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன். பேசின்பாலம் அண்ணா, ஓஎஸ்பிஎஃபுக்கு வரும் பொங்கல் விடுமுறையை எடுத்துக்கொள்கிறேன், அப்போது புது இழை தொடங்குகிறேன்.